மாமனாருக்கு விழுந்த மைனஸ்

என் மாமனாரிடம் யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர்மேல் யாருக்கும் பயமில்லை. அவர் சொன்னது சரியாகவே இருந்து இருந்து, எதிர்த்துப் பேசும் பழக்கமே மற்றவர்களுக்கு விட்டுப்போயிருந்தது. கணபதி என்ற பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவர் ஆரம்பித்த பம்பு பட்டறை இருக்கிறது. வார்ப்படங்களை வெளியில் வாங்கி, லேத்தில் கடைந்து, மோட்டாரோடு சேர்த்து முழு பம்பாக்கி அனுப்புவது தொழில். ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு "பேரிங்கு போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் போயிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அதை ஒரு வித்தைபோல வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆன பிறகு, படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பட்டறையை என் கணவர் பார்த்துக்கொண்டார். மாமா மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே லேத் ஓடும் சத்தத்தை வைத்தே என்ன வேலை நடக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டிலிருந்தபடி ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை செய்கிறவள். பகலெல்லாம் அந்த மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒருநாள் என் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்து, "என்ன அம்மணி, எந்நேரமும் இதையே பாத்துட்டிருக்கற?" என்று கேட்டார்.

அது ஒரு கேள்வி பதில் தளம். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் கேள்வி கேட்கலாம், யாரும் பதில் எழுதலாம். பதில் பிடித்தவர்கள் மேல்நோக்கிய அம்பை அழுத்துவார்கள், பிடிக்காதவர்கள் கீழ்நோக்கிய அம்பை. அதற்கு டவுன்வோட் என்று பெயர். நல்ல பதில் மேலே ஏறும். மோசமான பதிலுக்கு எண்ணிக்கை மைனஸில் இறங்கி, எழுத்தே வெளிறிப்போய்க் கடைசியில் கிடக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான பக்கம். இயந்திரங்களுக்கும் தனியாக ஒரு பக்கம் உண்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"பம்பு பத்தியும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க மாமா. ஆனா அங்க எழுதறவங்க கொஞ்சம் கடுசானவங்க."

"கடுசுன்னா?"

என்ன சொல்வது? முதல் வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அங்கே ஒரு கேள்வி போட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதை மூடிவிட்டிருந்தார்கள். 'நீங்களே முயன்று பார்த்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை' என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். ஒரு வணக்கம் கிடையாது, ஒரு தயவுசெய்து கிடையாது. எங்கள் பக்கம் ஒருவரைத் திட்டுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் அந்தத் தளத்தில் படிப்பேனே தவிர, ஒரு வரி எழுதியதில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். "நீ அப்ப சின்னப் புள்ள" என்று சிரித்துவிட்டு, அவருடைய டேப்லெட்டில் அந்தப் பக்கத்தை வைத்துத் தரச் சொன்னார்.

சில வாரம் வெறுமனே படித்தார். ஆங்கிலம் நன்றாகப் படிப்பார், வியாபாரக் கடிதங்களை அவரே எழுதிப் பழகியவர். பிறகு ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஏதோ ஒரு மலைநாட்டிலிருந்து, பழத்தோட்டம் வைத்திருக்கிறவர் கேட்டிருந்தார். பழைய பம்பு, மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஆனால் தண்ணீர் முன்போல் மேல் வயலுக்கு ஏறவில்லை. கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் சொரசொரப்பாக இருக்கிறது. அதைத் தேய்த்து வழவழப்பாக்கினால் பலன் உண்டா?

இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம். அதைத் தேய்த்து மெருகேற்றுவதில் மாமாவுக்குப் பெயர் இருந்தது. பழைய பம்பு ரிப்பேருக்கு வந்தால், சக்கரத்தின் உள்வழிகளைக் கண்ணாடி மாதிரி தேய்த்துத்தான் திருப்பி அனுப்புவார். தண்ணீர் கூடிவிட்டது என்று விவசாயிகள் இளநீர்க் குலையோடு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஆகவே அவர் மூன்று நாலு நாள் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, ஒரு பதில் எழுதினார். கண்டிப்பாகத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் தண்ணீர் நிச்சயம் கூடும், வாழ்நாள் முழுக்க இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் அனுபவத்தில் இது ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று முடித்திருந்தார்.

"போட்டுடட்டுமா அம்மணி?"

அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

மறுநாள் காலை காபி கொண்டுபோனபோது டேப்லெட்டைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்தக் கீழ பாத்த அம்பு, அதுக்குப் பக்கத்துல மைனஸ். இது எனக்கா?" என்றார்.

அவருக்குத்தான். ஒன்றல்ல, சில டவுன்வோட்கள் விழுந்திருந்தன. பதில் வெளிறத் தொடங்கியிருந்தது. கீழே ஒருவர், 'அனுபவம் ஆதாரம் ஆகாது' என்று மட்டும் எழுதியிருந்தார். இன்னொருவருக்குப் பெயர்கூட இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத சில எழுத்துகள், படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நான் டவுன்வோட் போட்டிருக்கிறேன். இம்பெல்லரைத் தேய்க்கும்போதெல்லாம் வேர் ரிங்கையும் மாற்றினீர்களா? மாற்றியிருந்தால், தண்ணீர் கூடியது எதனால் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?'

வேர் ரிங் என்பது இம்பெல்லரின் வாயைச் சுற்றி உட்காரும் ஒரு வளையம். தள்ளின தண்ணீர் திரும்பவும் பின்பக்கமாகக் கசிந்து வராமல் காப்பது அதன் வேலை. நாள்பட அது தேய்ந்து, இடைவெளி விழுந்துவிடும்.

மாமா காபியைத் தொடவில்லை. "இவனெல்லாம் ஒரு பம்பக் கையில கழட்டியிருப்பானா?" என்றார். யாரையும் அவன் இவன் என்று அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்புள்ள, சிவனேன்னு இருந்த மனுசனுக்கு இதெல்லாம் எதுக்குக் காட்டுன?" என்று கடிந்துகொண்டார். எனக்கும் அதுதான் உறுத்தியது. ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லாத மனிதரை, முகம் தெரியாத ஆட்கள் நாலு வார்த்தையில் கீழே இறக்கிவிட்டார்கள்.

"அழிச்சுப்போடலாமுங்க மாமா. ஒரு பட்டன்தான். எழுதுன தடமே இருக்காது" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

அவரைச் சமாதானம் செய்வதற்காக அந்தத் தளத்தின் விதிகளைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினேன். அதில் ஒன்று எனக்கே அதுவரை புத்தியில் பதியாதது. அங்கே பதில் எழுதி எழுதித்தான் ஆட்கள் புள்ளிகள் சேர்க்கிறார்கள். இன்னொருவரின் பதிலுக்கு டவுன்வோட் போட்டால், எழுதியவருக்கு மட்டுமல்ல, போட்டவருக்கும் தன் கணக்கிலிருந்து ஒரு புள்ளி போய்விடும்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "போட்டவருக்குமா?"

"ஆமாங்க மாமா."

"அப்ப சும்மா போறபோக்குல போட்டதில்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மத்தியானம் போல, நான் தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்:

"வளையத்த மாத்தாம சக்கரத்த மட்டும் தேச்சு நான் ஒருதடவகூட ஓட்டிப் பாத்ததில்ல, அம்மணி."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"பம்பக் கழட்டுனா எப்படியும் வளையம் தேஞ்சிருக்கும். புதுசு போட்டுத்தான் மூடுவோம். தேய்க்கறது பெரிய வேல, ரெண்டு நாள் ஆகும், கை நோகும். வளையம் மாத்தறது சின்ன வேல. அதனால தண்ணி கூடுனது தேச்சதுனாலன்னே நெனச்சுட்டேன்." சோற்றைப் பிசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எழுதுனது ஒரு பத்தி. அதப் படிச்சுப்போட்டு, நான் பாக்காத எடத்த அவரு பாத்துட்டாரு."

'அவன்' போய் 'அவரு' வந்திருந்தது.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அதற்கு நன்றாகத் தேய்ந்த ஒரு பம்பு வேண்டும். கிணத்துக்கடவில் என் தம்பியின் தென்னந்தோப்பில், மாமா செய்து கொடுத்த பழைய பம்பு ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் முன்போல் வருவதில்லை என்று தம்பியும் சொல்லிக்கொண்டிருந்தான். பட்டறையிலிருந்து ஒரு புது பம்பை அனுப்பி அங்கே மாட்டச் சொல்லிவிட்டு, பழையதை வேனில் ஏற்றி வரச் செய்தோம்.

அன்றைக்கு மாமா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். டாக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தியதற்கு, "சும்மா இரு கண்ணு" என்றார்.

பம்பைத் தரைத்தொட்டிமேல் மாட்டி, தண்ணீர் உயரத்தில் வைத்த டிரம்மில் விழும்படி குழாய் கொடுத்தார்கள். அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று, கரண்ட் காட்டும் மீட்டர் ஒன்று. டிரம் நிறையும் நேரத்தை என் ஃபோனில் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. முதலில் கழற்றாமல் அப்படியே ஓட்டினோம். பிறகு கழற்றி, வளையத்தில் கை வைக்காமல், இம்பெல்லரை மட்டும் தேய்க்க உட்கார்ந்தார். வேறு யாரையும் தேய்க்க விடவில்லை. அவருடைய மெருகு எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனை செல்லாது என்றார்.

என் கணவர் சலித்துக்கொண்டார். "அப்பா, அந்தப் பொள்ளாச்சி ஆர்டரு இன்னிக்குப் போகோணுமுங்க. யாரோ ஒருத்தன் எதையோ எழுதுனான்னு..."

"அவரு எழுதுனதுக்காக இல்லடா. எனக்குத் தெரியோணும்."

இரண்டாம் நாள் தேய்த்து முடித்து, மாட்டி ஓட்டினார். டிரம் கிட்டத்தட்ட முன்பு நிறைந்த அதே நேரத்தில்தான் நிறைந்தது. நான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்து இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். அதேதான். சொல்லும்படி ஒரு வித்தியாசமும் இல்லை.

லேத்தில் நின்றவர்கள்கூட மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றிருந்தார்கள். மாமா வளையத்தைக் கழற்றிப் புதியது போட்டார். சுவிட்சைத் தட்டியதும், நேரம் பார்க்கத் தேவையே இல்லாமல்போனது. குழாயிலிருந்து தண்ணீர் தெறித்து விழும் சத்தமே வேறாக இருந்தது. அவர் அதோடு விடவில்லை. தேய்க்காத, வார்ப்படச் சொரசொரப்போடு கிடந்த வேறொரு இம்பெல்லரை எடுத்துவரச் சொல்லி, புது வளையத்தோடு அதையும் மாட்டி ஓட்டினார். அதற்கும் ஏறக்குறைய அதே தண்ணீர்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கை நோக நோகத் தேய்த்த காலம் முழுக்க இத்தனை பேர் நடுவே வீணென்று ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "பாத்தியா! பாத்தியா அம்மணி!" என்றார். கண் விரிந்திருந்தது. அவருக்கு அவமானமே இல்லை. "இத்தன வருசமா என்ற கைக்குள்ளயே இருந்திருக்குது. எனக்குத் தெரியல பாரு!" என்று என் கணவரைப் பிடித்து உலுக்கி, டிரம்மின் பக்கம் திருப்பினார். ஒரு மனிதருக்குத் தன் தவறு இவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே அவர் தன் பதிலைத் திருத்தினார். அழிக்கவில்லை. மேலே இப்படிச் சேர்த்தார்: 'நான் கீழே எழுதியது பெரும்பாலும் தவறு. கேட்கப்பட்ட பிறகு சோதித்துப் பார்த்தேன். முதலில் வளையத்தை மாற்றுங்கள். மெருகேற்றுவதில் பலன் மிகக் குறைவு.' அதற்குக் கீழே ஒவ்வொரு ஓட்டத்திலும் கிடைத்ததை எழுதி, படங்களும் போட்டார். பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். ஒரு எழுத்துப் பிழையைத் தவிர நான் எதையும் தொடவில்லை.

அந்தப் பெயரில்லாதவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத்தான் படபடப்பாக இருந்தது. பாராட்டுவார், மன்னிப்புக் கேட்பார் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டிருந்தேன். காலையில் பதில் வந்திருந்தது. 'நல்லது. டவுன்வோட்டை எடுத்துவிட்டேன். எல்லா ஓட்டங்களிலும் தரைத்தொட்டியில் நீர்மட்டம் ஒன்றாக இருந்ததா?'

எனக்குச் சுருக்கென்றது. மாமா வாய்விட்டுச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"இல்லையே! ஒவ்வொருக்காவும் மட்டம் ஏறியும் எறங்கியுந்தான் இருந்துச்சு. நான் குறிச்சு வைக்கல!" என்றபடி கீழே இறங்கப் படியின் கைப்பிடியைத் தேடினார்.

தொட்டியின் சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து, ஒவ்வொரு முறையும் அந்தக் கோடுவரை தண்ணீர் நிரப்பி, தேய்த்த சக்கரம், தேய்க்காத சக்கரம், பழைய வளையம், புது வளையம் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றி மாட்டி முதலிலிருந்து ஓட்டினார்கள். இந்தமுறை என் கணவர் சலித்துக்கொள்ளவில்லை. கோடு கிழித்ததே அவர்தான். முதல்முறை பார்த்த வித்தியாசத்தில் கொஞ்சம் குறைந்தது. ஆனால் வளையம்தான் காரணம் என்பது மாறவில்லை. மாமா அந்தக் கொஞ்சம் குறைந்ததையும் எழுதினார். பதில் மெல்ல மெல்ல மைனஸிலிருந்து ஏறி, அந்தக் கேள்விக்கான பதில்களில் மேலே வந்து நின்றது. ஒரே ஒரு டவுன்வோட் மட்டும் கடைசிவரை போகவில்லை. "யாரோ ஒருத்தர் இன்னும் ஒத்துக்கல. அவருக்கு என்ன தோணுச்சோ" என்று அதை யோசித்துக்கொண்டே இருந்தார்.

கேள்வி கேட்ட பழத்தோட்டக்காரர் வெகுநாள் கழித்து வந்து இரண்டு வரி எழுதினார். பக்கத்து ஊர் லேத்தில் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து போட்டதாகவும், மேல் வயலுக்குத் தண்ணீர் ஏறுவதாகவும். மாமா அதை எங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக வாசித்துக் காட்டினார்.

வேலை இல்லாத ஒரு மத்தியானம், எனக்கு ஆவல் தாங்காமல், அந்தப் பெயரில்லாதவர் தளத்தில் எழுதியிருப்பதையெல்லாம் தேடிப் படித்தேன். ஆணா பெண்ணா, எந்த நாடு, எந்த வயது, எதற்கும் ஒரு தடயமும் இல்லை. பம்பு, பாய்லர், சைக்கிள் செயின், பாலத்தின் போல்ட் என்று பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லா இடத்திலும் அதே வறண்ட ஒன்றிரண்டு வரிக் கேள்விகள். எப்படித் தெரியும்? அளந்தீர்களா? வேறு எதையாவது சேர்த்து மாற்றினீர்களா? நான் தேடியது வேறொன்று. அவருக்கே டவுன்வோட் விழுந்த இடங்கள். அவையும் நிறைய இருந்தன. அங்கெல்லாம் அவர், 'நீங்கள் சொல்வது சரி, திருத்திவிட்டேன்' என்று எழுதிவிட்டு நகர்ந்திருந்தார். சண்டையில்லை, சமாதானமும் இல்லை. சம்பளம் கிடையாது, பேர் கிடையாது, முகம் கிடையாது. உலகத்தில் எங்கோ ஒரு மனிதப் பிறவி, தன் பொழுதைப் போட்டு, அடுத்தவர் எழுதியதை இவ்வளவு கவனமாக வாசித்துக்கொண்டிருக்கிறது. பாத்ரூமில் நின்று முகம் கழுவிய அந்த நாளில், என் கேள்வியையும் யாரோ முழுக்கப் படித்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருப்பார்களோ? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அங்கே வெறும் எரிச்சலுக்காகக் குத்துகிறவர்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு, திரையை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எங்கள் பட்டறைக்கு ரிப்பேருக்கு வரும் பம்புகளுக்கு முதலில் வளையம் பார்க்கிறார்கள். மாமா வாரத்தில் சில நாள் இறங்கிப் போகிறார். தளத்திலும் எழுதுகிறார். சோதிக்காத எதையாவது எழுதும்போது, 'இதை நான் செய்து பார்க்கவில்லை' என்று முதல் வரியிலேயே போட்டுவிடுகிறார். டவுன்வோட் போடும் அளவுக்குப் புள்ளி சேர்ந்த பிறகும், ஒருவருக்குப் போடுவதற்குமுன் காலையெல்லாம் யோசித்து, காரணத்தை எழுதிவிட்டுத்தான் அம்பைத் தொட்டார்.

போன மாதம் என் தம்பி கிணத்துக்கடவிலிருந்து அவருக்கு ஃபோன் செய்தான். தோப்பில் சொட்டுநீர்க் குழாய்க்கு வேறு அளவில் பைப் போட்டால் பம்புக்குப் பாதகமா என்று கேட்டிருக்கிறான். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா கொஞ்சம் யோசித்தார்.

"தெரியலீங்க தம்பி. ஓட்டிப் பாத்துப்போட்டுத்தான் சொல்லோணும். ஒரு வாரம் பொறுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நிமிடமே என் ஃபோன் அடித்தது. தம்பிதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

"ஏனக்கா, மாமாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"